ஒரே மெட்டு

பேச்சு போனவர்களுக்குப் பாட்டு போவதில்லை. என் பிழைப்பு இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இத்தனை வருடமாக ஓடுகிறது.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டால் சிலருக்குப் பேச்சு நின்றுவிடும். புத்தி தெளிவாக இருக்கும். நாம் சொல்வது புரியும், சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும், வாய்க்கு மட்டும் வராது. அப்படிப்பட்டவரிடம் பெயரைக் கேட்டால் விழிப்பார். ஆனால் அவருக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தால் வார்த்தை பிசகாமல் பாடுவார். பேச்சு இடது பக்கத்துச் சரக்கு, பாட்டு வலது பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த மெட்டிலேயே வேறு வார்த்தைகளை ஏற்றி, 'தண்ணி வேணும்', 'கால் வலிக்குது' என்று பாட வைத்து, பிறகு மெட்டை மெல்ல மெல்லத் தேய்த்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேச்சு. இதுதான் என் வேலை. என் பெயர் சிந்துஜா. கோயம்புத்தூரில் பேச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன்.

ஒரு முறை, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரை அழைத்து வந்தார்கள். பரம சாதுவான அம்மா. நான் என்னென்னவோ பாட்டை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவருக்குள்ளிருந்து புறப்பட்டு வந்தது, அவருடைய கல்லூரி நாட்களில் வந்த ஒரு குத்துப்பாட்டு. எழுதக் கூசுகிற பாட்டு. பக்கத்தில் நின்ற மகனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்தப் பாட்டு வந்தபோது நானும் கல்லூரியில்தான் இருந்தேன். டிவியில் அது வந்தால் எங்கள் அப்பா தலையில் அடித்துக்கொண்டு நிறுத்திவிடுவார். இதெல்லாம் ஒரு பாட்டா என்பார். அவர் சொன்னதில் தப்பில்லை. நாலு வார்த்தை, அதில் மூன்றுக்கு அர்த்தம் கிடையாது. ஆனால் டீக்கடையில், டவுன் பஸ்ஸில், கல்யாண மண்டபத்தில் என்று ஊரே அதைக் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டவர்களுக்கும் அது மனப்பாடமானது. அந்த அம்மா அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் பேரனின் பெயர்வரை வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் எந்தப் பாட்டையும் மட்டம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை.

எல்லோருக்குள்ளும் ஏதோ ஒரு பாட்டு இருக்கும் என்ற நினைப்பில் நான் கொஞ்சம் மெத்தனமாக இருந்த காலத்தில்தான் இளம்பரிதி வந்தார்.

வயது முப்பத்து நாலு. பாலம் கட்டுகிற இன்ஜினியர். வேலை நடக்கும் இடத்தில் மயங்கி விழுந்து, கண் விழித்தபோது வலது கையும் பேச்சும் போயிருந்தன. அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல்: 'அதான்'. பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், கோபம் வந்தாலும் அதான். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவர் மனைவி மிருதுளா. கூடவே அவள் சுடிதாரைப் பிடித்துக்கொண்டு நாலு வயது மகள் ஆதிரை. அந்தக் குழந்தை அப்பாவின் பக்கம் போகாமல் அம்மாவின் அந்தப் பக்கமாகவே நின்றது.

"அவருக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு சொல்லும்மா. முழுசா மனப்பாடமாத் தெரிஞ்சதா இருக்கணும்" என்றேன்.

மிருதுளா யோசித்தாள். பிறகு தயக்கத்தோடு கேட்டாள்: "எந்தத் தடவை கேட்டதுங்க மேடம்?"

எனக்குப் புரியவில்லை.

"ஓடையில ஒரு பாட்டு ரெண்டு தடவை ஒரே மாதிரி வராதுங்களே. அதுனால கேட்டேன்."

ஓடை என்கிற அந்தப் பாட்டுச் சேவையைப் பற்றித் தெரியாதவர் யார்? ஊரில் நடமாடுகிற காது எல்லாவற்றிலும் அதன் காதுமணி செருகியிருக்கிறது. நான்தான் அதை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று அன்றுவரை நான் யாரையும் கேட்டதில்லை.

"நான் அங்கதாங்க வேலை பாக்கறேன். சரவணம்பட்டி ஆபீஸ்ல, ஸ்கிப் டீம்ல" என்றாள் மிருதுளா.

"அது என்ன டீம்?"

"பாட்டுக் கேக்கறவங்க எந்த இடத்துல வேண்டாம்னு தள்ளிவிடறாங்கன்னு பாக்கறதுங்க. கவனம் நழுவுதுன்னா காதுமணிக்கு உடனே தெரிஞ்சுரும். அவங்க தள்றதுக்கு முந்தியே மெட்டு திரும்பிரும். பாட்டு ரொம்ப உச்சத்துக்குப் போனா கொஞ்சம் பேர் தள்றாங்க, அதனால உச்சத்த எடுத்துட்டோம். புரியாத வார்த்தை வந்தா தள்றாங்க, அதையும் எடுத்துட்டோம். அழுகாச்சியாப் போனாலும் தள்றாங்க. எல்லாத்தையும் விட, ஒரே மெட்டு மூணாவது தடவை வந்தா கை தானாப் போயிருதுங்க. அதனால மூணாவது தடவை வரவே விடமாட்டோம்."

"ரெண்டாவது தடவை?"

"அதை ஆரம்பத்துலயே எடுத்துட்டாங்க. நானெல்லாம் சேர்றதுக்கு முந்தியே."

அவள் குரலில் பெருமை இருந்தது. இருக்கத்தானே செய்யும், செய்கிற வேலையாயிற்றே.

"வெளிச் சத்தமெல்லாம் கேக்காதா? ரோட்டுல போறவங்க அடிபட மாட்டாங்களா?"

"நல்லாக் கேக்குங்க. ஆனா அதையும் பாட்டுக்குள்ள இழுத்துக்கும். குக்கர் விசிலு, ஆட்டோ ஹாரன், ஆபீஸ்ல மேனேஜர் திட்டறது, எல்லாம் அந்த மெட்டோட சேந்து வந்துரும். வார்த்தை ஒண்ணு விடாது. பாட்டும் உடையாது." சொல்லிவிட்டுத் தன் காதுமணியைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினாள். "கேட்டுப் பாருங்களேன்."

கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. மோசம் என்று சொல்ல ஒன்றுமில்லை, அருமை என்று சொல்லவும் ஒன்றுமில்லை. குளிக்கிற வெந்நீர் பதமாக விளாவி வைத்தது மாதிரி இருந்தது. கழற்றிக் கொடுத்த பிறகு அதில் ஒரு வரியை, ஒரு வளைவை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. எங்கள் காலத்தில் மட்டமான பாட்டு வந்தது, நிறையவே வந்தது. ஆனால் எல்லோருக்கும் அதே மட்டமான பாட்டு வந்தது.

நான் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் பாடுவார்களே, அந்தத் தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக் கொடுத்தேன். பரிதி ஒரு மரியாதைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார், உதடு அசையவில்லை. அவர் படித்த காலத்திலேயே அது ஸ்பீக்கரில்தான் வந்ததாம், பிள்ளைகள் அசையாமல் நின்றால் போதுமாம். பிறந்தநாள் பாட்டை எடுத்தேன். இப்போதெல்லாம் கேக் வெட்டும்போது குழந்தையின் பெயரை வைத்து ஓடையே வருடத்துக்கு ஒன்று புதிதாகப் பாடிவிடுகிறது, சுற்றி நிற்பவர்கள் கை தட்டினால் போதும் என்றாள் மிருதுளா. தாலாட்டாவது இருக்கும் என்று பரிதியின் அம்மாவை வரச் சொன்னேன். ரம்யா என்று பெயர், என் வயதுதான் இருக்கும், பொள்ளாச்சியிலிருந்து வந்தார்.

"ஏனுங், நானெங்க தாலாட்டெல்லாம் பாடுனேன்?" என்றார் ரம்யா. "மணிய காதுல வெச்சா தூங்கிப்போடுவான். அழுகையே இல்லீங். உம்பையன் தங்கம்னு ஊரே சொல்லும். அப்ப அது எவ்வளவு ஒத்தாசையா இருந்துச்சு தெரியுங்களா?" மகனின் செயலற்ற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

முப்பத்து நாலு வயது வரைக்கும் தூங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் பாட்டுக் கேட்ட மனிதர். அவருக்குள் ஒரு பாட்டு இல்லை.

இதில் கால அவகாசமும் கிடையாது. முதல் சில மாதங்களில் வாய் திறந்தால்தான் உண்டு. அதற்குப் பிறகு மூளை இருப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ளப் பழகிவிடும். இதை மிருதுளாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆதிரைதான் என் மேசைமேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்டது:

"அப்பா எப்பவும் அதான் அதான்னே சொல்றாரு. என் பேரு மறந்து போச்சா?"

"இல்ல கண்ணு. உள்ள இருக்குது. வெளிய வர வழி தெரியல."

"நான் சொல்லித் தரட்டா?" என்றது குழந்தை. பரிதி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிருதுளா சும்மா இருக்கவில்லை. ஆபீஸில் யார் யாரிடமோ கெஞ்சி, பரிதி பிறந்ததிலிருந்து கேட்ட பாட்டின் பதிவு முழுவதையும் வாங்கி, ஏதாவது ஒரு மெட்டு, ஒரே ஒரு துண்டு, இரண்டு முறை ஒரே மாதிரி வந்திருக்கிறதா என்று சலித்துப் பார்த்தாள். இல்லை. பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர் கடைசியாகக் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை அப்படியே உறைய வைத்து, மாறாமல் ஒரே மாதிரி ஓடும்படி செய்து எடுத்து வந்தாள். திரும்பத் திரும்பக் கேட்டால் மனப்பாடம் ஆகிவிடாதா என்று கேட்டாள். நானும் நம்பினேன். மனப்பாடம் என்பது வேறு எப்படித்தான் வரும்?

முதல் தடவை பரிதி சிரித்தபடி கேட்டார். இரண்டாம் தடவை நெற்றி சுருங்கியது. மூன்றாம் தடவை ஆரம்பித்தபோது அவர் இடது கை காதுக்குப் போய்த் தடவியது, தள்ளியது, மறுபடி தள்ளியது. பாட்டு நகரவில்லை. அவர் மணியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். "அதான்! அதான்!" என்று கத்தினார். கண்ணில் நீர் கொட்டியது. தன் கையே தனக்கு எதிராகப் போய்விட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மிருதுளா குனிந்து உடைந்த மணியைப் பொறுக்கினாள்.

"உன் வேலைய நீ நல்லாத்தான் பாத்திருக்கே" என்றேன். கோபத்தில் வந்துவிட்டது. அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு பரிதி நிலையத்துக்கு வர மறுத்துவிட்டார். காரில் ஏற்றினால் கதவைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாராம். நானே வடவள்ளியில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். என்ன செய்வது என்று தெரியாமல்தான் போனேன். அவர் இடது கையைப் பிடித்து மேசையில் தாளம் தட்ட வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அப்படி ஒரு காலை. வாசல் அறையில் இருந்தோம். மிருதுளா உள்ளே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் குப்பை எடுக்க வருகிற பேட்டரி வண்டி திரும்பியது. அதன் கூரையில் கட்டியிருந்த கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து தினமும் வருகிற அதே கரகரப்பு:

வந்தாச்சு வண்டி வந்தாச்சு
வாசலுக்கே வந்தாச்சு
ஈரக் குப்பை ஒரு வாளி
காஞ்ச குப்பை மறு வாளி
கொண்டாங்கம்மா கொண்டாங்க

என் கைக்குள் இருந்த பரிதியின் விரல்கள் இறுகின. மேசையைத் தட்டின. சரியான இடத்தில் தட்டின. பிறகு அவர் வாய் திறந்தது.

"வந்தாச்சு வண்டி வந்தாச்சு..."

தெளிவாகப் பாடினார். ஈரக் குப்பை, காய்ந்த குப்பை, ஒன்று விடவில்லை. வண்டி எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போன பிறகும் பாடினார். அந்த ஸ்பீக்கரில் சுருதி விலகுகிற இடத்தில் அவரும் சுருதி விலகினார்.

மிருதுளா தோசைக் கரண்டியோடு ஓடிவந்து நின்றாள். "மேடம், இது... இது பாட்டுங்களா?"

அதுதான் கோளாறு. நான் எல்லோரிடமும் பாட்டு, பாட்டு என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். இதை யாரும் பாட்டென்று எண்ணியிருக்கவில்லை. அவள் சலித்த பதிவிலும் இது இல்லை. இது ஓடையிலிருந்து வந்ததல்ல, தெருவிலிருந்து வந்தது. அவருடைய சின்ன வயதிலிருந்து எல்லா ஊர்த் தெருவிலும் ஒவ்வொரு காலையும் வந்தது. அந்தக் காலத்து மணி வெளிச் சத்தத்தை அடைத்துவிடும், வாளியை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமே, அதனால் இதற்காக மட்டும் வீடுகளில் பிள்ளைகள் மணியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். இவர் வீட்டில் அது பரிதியின் வேலையாம். பிற்பாடு ரம்யா சொன்னார்.

நான் நேரத்தை வீணாக்கவில்லை. ஆதிரை தூங்கி எழுந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டு வாசலறைக்கு வந்தது. பரிதியின் கையை மேசையில் தட்டிக்கொண்டே அதே மெட்டில் பாடினேன்: "வந்தாச்சு ஆதிரை வந்தாச்சு..."

அவர் என் வாயைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார்.

"வந்தாச்சு..." என்றார். நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. "வந்தாச்சு... ஆ... ஆதிரை வந்தாச்சு."

குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. "அப்பா குப்பை வண்டி மாதிரி கூப்பிடறாரு!" என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. மிருதுளா சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? உள்ளே தோசை கருகுகிற வாசனை வந்தது.

அடுத்த வாரமே என்னிடம் வந்துகொண்டிருந்த மற்ற இளவயதுக்காரர்களிடம் அதை எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். துணிக்கடை வைத்திருந்த ஒருவர், பிரசவத்தின்போது பேச்சிழந்த ஒரு பெண், எல்லோரும் பாடினார்கள். ஒரு தலைமுறை முழுவதற்கும் பொதுவாக மனதில் இருந்த ஒரே பாட்டு இதுதான். அதைப் பாடியது யாரோ, எழுதியது யாரோ. நல்ல பாட்டு இல்லை. யாரும் தள்ள முடியாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

பரிதி வேகமாக முன்னேறினார். 'தண்ணி கொஞ்சம் கொண்டாங்க', 'கையி வலிக்குது கொண்டாங்க' என்று ஆரம்பித்தவர் மழைக்காலத்துக்குள் என்ன வேண்டுமானாலும் சொல்லக் கூடியவரானார். ஆனால் எல்லாவற்றையும் அந்த மெட்டில்தான் சொன்னார். மெட்டைத் தேய்த்து எடுக்கிற கடைசிப் படியில் நாங்கள் முட்டிக்கொண்டு நின்றோம். மெட்டை ஒரு இழை குறைத்தால் வார்த்தையும் கூடவே போனது.

ஏன் என்று மிருதுளா கேட்டாள்.

"வயசானவங்ககிட்ட நிறையப் பாட்டு இருக்கும் கண்ணு. கொஞ்சறதுக்கு ஒண்ணு, கோவத்துக்கு ஒண்ணு, அழுகைக்கு ஒண்ணு. நான் ஒண்ணுலிருந்து இன்னொண்ணுக்கு மாத்தி மாத்தி ஏத்துவேன். அதுல ஏறி எறங்கித்தான் பேச்சுக்கு ஏத்த எறக்கம் வரும். இவர்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். இதை எடுத்தா நிக்க எடமில்ல."

"புதுசாக் கத்துக்க முடியாதுங்களா?"

"கத்துக்கணும்னா திரும்பத் திரும்பக் கேக்கணும். அவர் காதுதான் அதுக்கு விடமாட்டேங்குதே."

மிருதுளா தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த வருடம் ரம்யாவின் அண்ணன் இறந்துபோனார். பரிதியைத் தூக்கி வளர்த்த தாய்மாமா. பொள்ளாச்சிக்குப் போனார்கள். பரிதி மாமாவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். அழுகையோடு வாயைத் திறந்து, போயிட்டீங்களே மாமா, என்னைத் தூக்கிச் சுமந்தீங்களே என்று சொன்னார். சொன்னது குப்பை வண்டி மெட்டில் வந்தது. கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார்கள். பிறகு இன்னும் சிலர். பரிதி மாமாவின் பாதத்தைப் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. பேச்செல்லாம் மனைவியோடும் மகளோடும்தான். இதை எனக்குச் சொன்னபோது மிருதுளா, "எங்ககிட்ட மட்டுமாவது பேசறாருங்களே மேடம், அது போதும்" என்றாள்.

நான் வாரம் ஒருமுறை போவதை மாதம் ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டேன். இடையில் ஊரில் குப்பை வண்டிகள் மாறின. புது வண்டிகள் சத்தமே போடுவதில்லை. வண்டி வந்துவிட்ட செய்தி அவரவர் காதுமணிக்கே போய்விடுகிறது. தெரு நிம்மதியாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

கடைசியாக நான் அந்த வீட்டுக்குப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பரிதி நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்தாச்சு மேடம் வந்தாச்சு, டீ ஒரு கப்பு கொண்டாம்மா" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். ஆதிரை தரையில் படுத்துக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தது. "சீனி கொஞ்சமாக் கொண்டாம்மா" என்று அதே மெட்டில் ஒரு வரியைச் சேர்த்தது.

மிருதுளா டீயோடு வந்தாள். சிரித்த முகமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது. தூங்குகிறாள் போலும் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரிதி அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொன்னார். மகள் பள்ளியில் வாங்கிய நட்சத்திரம், மாடியில் ஒழுகுகிற குழாய். வரிக்கு வரி அதே மெட்டு. மிருதுளா நிலைப்படியில் சாய்ந்து நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஒரு வார்த்தை தவறவில்லை.

ஆனால் நிலைக்கட்டையில் அவள் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. தாளம் எனக்குப் பிழைப்பு, அது கண்ணில் படாமல் போகாது. அவள் தட்டியது அவர் பாடிய தாளம் இல்லை.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது நானும் பின்னால் போனேன். அவள் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தேன், மணி இருந்தது. அவள் தடுக்கவில்லை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க." குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினாள். "அவரைப் பிடிக்காம இல்லீங்க. சத்தியமா இல்ல. ஆனா காலைலருந்து ராத்திரிவரைக்கும் அதே மெட்டு. மூணாவது வரிலயே எனக்கு மூச்சு முட்டுது. கை தானாக் காதுக்குப் போகுது, நான் என்ன பண்றது? ஒரு நாள் அவர் ஆசையா ஏதோ சொல்லும்போது நான் வாயப் பொத்திட்டு பாத்ரூமுக்குள்ள ஓடிட்டேங்க. அன்னைக்கு ராத்திரிதான் இதை மறுபடி எடுத்து மாட்டுனேன்."

நான் அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கி அலசினேன்.

"எனக்கு வார்த்தை எல்லாம் கேக்குதுங்க. ஒண்ணு விடறதில்ல. மெட்டை மட்டுந்தான் மாத்திக் கேக்கறேன். இதுல அவருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க? அவருக்குத் தெரியவும் தெரியாது."

திட்டுவதற்குத்தான் பின்னால் போனேன். முடியவில்லை. அவளும் தாலாட்டுக் கேட்காமல் வளர்ந்த பிள்ளைதானே. யாரோ அவள் காதிலிருந்து பொறுமையை எடுத்துவிட்டார்கள், பிற்பாடு அவளையே அந்த வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். நான் அவள் தோளைத் தொட்டுவிட்டு வாசலறைக்கு வந்தேன். அவளும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பழையபடி நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

பரிதி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல நினைத்தது கண்ணில் தெரிந்தது. இடது கையால் நாற்காலியின் பிடியைத் தட்டி ஆரம்பித்தார்.

"வந்தாச்சு மழையும் வந்தாச்சு, மிருதுளா கொஞ்சம்..."

அவர் பார்வை அவள் முகத்திலிருந்து இறங்கி நிலைக்கட்டைக்குப் போனது. அவள் விரல்கள் மென்மையாக, வேறொரு பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தன. அவர் கை நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் கொஞ்ச நேரம் போயின. பிறகு அவர் கை நின்றது. அவள் விரல்களின் தாளத்தை முதல் தடவையாகப் பார்த்தவருடைய முகமாக அது எனக்குப் படவில்லை.

"சொல்லுங்க, கேக்குது" என்றாள் மிருதுளா சிரித்தபடி.

அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். தலையை ஆட்டினார்.

"அதான்" என்றார்.

அவள் சரியென்று தலையசைத்துவிட்டு, நனைந்துவிடுமே என்று மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடினாள். அறையில் நாங்கள் மூவர் இருந்தோம். வெளியே தூறல் வலுத்தது. படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த ஆதிரை தலையைத் தூக்கவில்லை. அப்பா பாதியில் விட்ட வரி அதற்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"மிருதுளா கொஞ்சம் கிட்ட வா" என்று அந்த மெட்டிலேயே பாடி முடித்துவிட்டு, வேறு வண்ணத்தைத் தேடி எடுத்துக்கொண்டது.